கையிருப்பு குறைவு, போட்ட திட்டமும் நடக்கவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளவங்கோடு, கிள்ளியூர் தாலுகாக்களிலும், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலும் இருக்கிற தமிழ்ச் சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். கூட்டத்துக்குள் யாரும் வாய் திறப்பதில்லை. அப்படி வந்தவற்றில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இவை. நான் போதகர் அல்ல, சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். அதனால் வேதவசனமும் ரூபாய் பைசாவும் இங்கே கலந்துதான் வரும்.

ஜெபித்தோம், எல்லாம் ஒழுங்கு பண்ணினோம், கடைசியில் நடக்கவில்லை. தேவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

சில நேரம் அப்படி இருக்கலாம். பல நேரம் மழை பெய்தது, ஏஜென்ட் ஏமாற்றினான், கடன் தருவதாகச் சொன்ன மேனேஜர் மாற்றலாகிப் போனார், அவ்வளவுதான். ஒவ்வொரு தடங்கலுக்கும் பரலோகத்தில் ஒரு காரணம் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று நமக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

பவுலின் வாழ்க்கையில் இரண்டு விதமும் உண்டு. அப்போஸ்தலர் 16-ல் அவர் ஆசியாவில் வசனம் சொல்ல நினைத்தார், ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அங்கும் வழி இல்லை. துரோவாவில் கடற்கரை வரைக்கும் வந்து நின்ற பிறகுதான் மக்கெதோனியா என்று தெரிந்தது. அங்கே தடை வந்ததும் தெளிவு, வழி திறந்ததும் தெளிவு. ஆனால் ரோமர் 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானியாவுக்குப் போகிற வழியில் உங்களைப் பார்க்க வருவேன் என்று எழுதுகிறார். ரோமாபுரிக்கு வந்தார்தான். எப்படி வந்தார்? எருசலேமில் பிடிபட்டு, செசரியாவில் 2 வருஷம் காவலில் கிடந்து, கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறி, கைதியாக வந்தார். வாடகை வீட்டில் காவல்காரனோடு உட்கார்ந்திருந்தார். ஸ்பானியாவுக்குப் போனாரா இல்லையா என்று வேதாகமம் சொல்லவே இல்லை. அந்தத் திட்டம் என்ன ஆயிற்று என்று அவரிடமே யாராவது கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாரோ.

நம் ஊர்க் கதையும் அப்படித்தான். லண்டன் மிஷன் அனுப்பிய சார்லஸ் மீட் 1818-ல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது, மனைவியை வழியிலேயே பறிகொடுத்திருந்தார். குடும்பமாகப் புறப்பட்ட திட்டம் பாதி வழியிலேயே உடைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நாகர்கோவிலில் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் வந்தன. மனைவி இறந்ததால்தான் அவை வந்தன என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும்.

விசுவாசம் இருந்தால் கணக்குப் பார்க்க வேண்டுமா, அக்கா? கணக்குப் பார்ப்பதே சந்தேகப்படுவதுதானே?

இல்லை. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று லூக்கா 14-ல் கேட்கிறவர் இயேசுதான்.

இந்தக் கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் 2 இராஜாக்கள் 4-ல் இருக்கிறது. தீர்க்கதரிசியின் குடும்பம். புருஷன் செத்துப் போனான், கடன் மட்டும் நிற்கிறது. கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகப் பிடித்துக்கொண்டு போக வந்துவிட்டான். அந்த அம்மா எலிசாவிடம் போய் அழுகிறாள். எலிசா முதலில் கேட்பது, வீட்டில் என்ன இருக்கிறது என்று. ஒரு குடம் எண்ணெயைத் தவிர ஒன்றுமில்லை என்கிறாள். சரி, அக்கம்பக்கத்தில் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு என்கிறார். பணம் வாங்கச் சொல்லவில்லை. வாங்கியது அத்தனையும் திருப்பிக் கொடுக்கக்கூடிய பாத்திரம். கதவைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு வார்க்கிறாள். பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெயும் நின்றுவிட்டது. அப்புறம் அவர் சொல்கிற ஒழுங்கைக் கவனியுங்கள்: எண்ணெயை விற்று முதலில் கடனை அடை, மீந்ததைக் கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள்.

எங்களிடம் உதவி கேட்டு வருகிற வீடுகளில் நாங்கள் செய்வதும் இதுதான். ஒரு நோட்டில், இருப்பதை எழுதச் சொல்கிறோம். இல்லாததை எழுதச் சொன்னால் ராத்திரி முழுக்க எழுதுவார்கள். இருப்பது என்றால் எல்லாமும்தான். மூலையில் கிடக்கிற ஒட்டுப்பால் (சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால்), தேன்பெட்டி, பின்பக்கம் நிற்கிற மரச்சீனி, தையல் மெஷின், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வரவேண்டிய கூலி பாக்கி, எப்போதோ ஒரு சொந்தக்காரருக்குக் கொடுத்த கைமாற்று. முதலில் 'ஒண்ணுமே இல்லக்கா' என்பார்கள். அந்தப் பெண்ணும் அப்படித்தான் தொடங்கினாள், எண்ணெயைப் பிறகுதான் சொன்னாள். எழுதி முடித்ததும் கஷ்டம் தீர்ந்துவிடாது. ஆனால் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். 'ஆண்டவரே, எல்லாம் பார்த்துக்கொள்ளும்' என்ற ஜெபம், 'வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டிய இந்தத் தொகையில் இவ்வளவு குறைகிறது' என்று மாறும். என் அனுபவத்தில் இரண்டாவது ஜெபத்தைச் சொல்லத்தான் அதிக விசுவாசம் வேண்டும். வந்ததா இல்லையா என்று வெள்ளிக்கிழமை தெரிந்துவிடுமே.

கன்வென்ஷனில் 'விசுவாச விதை' போடச் சொன்னார்கள். கையில் இருந்ததைப் போட்டால் நூறு மடங்கு வருமாம். போடலாமா?

போடாதீர்கள்.

காணிக்கை கொடுப்பது வேறு விஷயம். கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிற வீடுகள் எவ்வளவு ஏழையானாலும் அதை விடுவதில்லை, அந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் பீஸ் கட்ட வைத்திருந்த பணத்தை, பெருகி வரும் என்று எண்ணி மேடையில் கொண்டு வைப்பது காணிக்கை ஆகாது, சூதாட்டம். சாறிபாத் விதவையின் கதையைத்தான் இதற்கு எடுப்பார்கள். ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான் இருந்தன, எலியாவுக்கு முதலில் கொடுத்தாள், பெருகிற்று என்பார்கள். 1 இராஜாக்கள் 17-ஐ நிதானமாக வாசியுங்கள். அவள் பானை நிறைந்ததாக எங்கும் எழுதவில்லை. மா தீரவில்லை, எண்ணெய் குறையவில்லை, மழை பெய்யும் வரைக்கும். அவ்வளவே. அந்த அம்மா பணக்காரி ஆகவில்லை, பஞ்சம் முடியும் மட்டும் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

இரண்டு காசு போட்ட விதவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாற்கு 12-ல் அவள் வருவதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். மேடையில் பாதிக் கதையை மட்டும் சொல்கிறார்கள். பவுலும் 2 கொரிந்தியர் 8-ல், ஒருவனிடம் இல்லாததைப் பார்த்து அல்ல, உள்ளதைப் பார்த்தே கொடுப்பது அங்கீகரிக்கப்படும் என்று எழுதியிருக்கிறார்.

மகனுக்குக் கல்ஃப் விசா வந்துவிட்டது என்று ஏஜென்டுக்குப் பணம் கட்டினோம். இப்போது போன் எடுப்பதில்லை. தேவன் ஏன் எங்களை எச்சரிக்கவில்லை?

எச்சரிக்கை இருக்கத்தான் இருந்தது, ஆனால் அது கனவில் வருவதில்லை, அரசாங்க விதியில் இருக்கிறது. 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் பதிவு செய்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். பதிவு உண்டா என்று 'இ-மைகிரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்டாலோ, ரசீது இல்லாமல் கேட்டாலோ, டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னாலோ, திரும்பி வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது போலீசில் புகார். அதோடு குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையிலும் இருக்கிறது, திருவனந்தபுரத்திலும் இருக்கிறது. நம் பக்கத்துக்குத் திருவனந்தபுரம் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். வாட்ஸ்அப் பேச்சு, பேங்க் ஸ்டேட்மென்ட், கூகுள் பே ரசீது எதையும் அழிக்காதீர்கள். ஊரார் சிரிப்பார்களே என்று புகார் கொடுக்காமல் இருப்பவர்கள் அதிகம். அதனால்தான் அதே ஆள் அடுத்த ஊரில் போய் இன்னொரு போர்டு வைக்கிறான்.

மன்னிக்க வேண்டாமா என்று ஒரு அண்ணன் கேட்டார். மன்னியுங்கள். புகாரையும் கொடுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை.

பணம் போனது போகட்டும். பையன் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறான். என்ன சொல்லித் தேற்றுவது?

எதையும் சொல்லாதீர்கள், கொஞ்ச நாளைக்கு. யோபுவின் நண்பர்கள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்த 7 நாள்தான் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம். சாப்பிடக் கூப்பிடுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் பால்வெட்டுக்கோ லோடு ஏற்றவோ ஆள் தேவையென்றால் சொல்லிவிடுங்கள். தூங்காமலோ, சாக வேண்டும் என்று பேசியபடியோ இருந்தால் ஜெபத்தோடு சேர்த்து டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதில் வெட்கம் எதற்கு?

ரப்பர் விலையை நம்பி மகளுக்குக் கல்யாணம் பேசினோம். விலை விழுந்துவிட்டது. பேசின பவன் நகையை எப்படிப் போடுவது? கடன் வாங்கலாமா?

ரப்பர் விலையை நம்பித் தேதி குறிக்கிறவர்களை என்ன சொல்வது. 2011-ல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் போன ரப்பர் ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. அந்த நடுவில் வீடு கட்டத் தொடங்கியவர்கள் எத்தனை பேர் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற மாடியோடு நிறுத்தினார்கள் என்று மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் வரைக்கும் ஒரு சுற்றுப் போனாலே தெரியும்.

பவன் விஷயத்தில் என் கருத்து கறாரானது, சங்கத்தில் எல்லோருக்கும் பிடிக்காது. பேசினபடி போட முடியவில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் நேரடியாகச் சொல்லுங்கள், கல்யாணத்துக்கு முன்பே. அந்தக் காரணத்தால் முறிந்தால் முறியட்டும். வரதட்சணையைத் தடை செய்த சட்டம் 1961-லேயே வந்தாயிற்று. இன்னும் நாம் 'பிள்ளைக்குப் போடுவது' என்று பெயர் மாற்றி நடத்திக்கொண்டிருக்கிறோம். தேவன் தேவைகளைச் சந்திப்பார் என்ற வாக்குத்தத்தத்தில் நூறு பவன் அடங்குமா என்று நான் கேட்டால் மட்டும் எல்லோரும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

கடன் வாங்கியே ஆகவேண்டிய நேரமும் உண்டு. ஆஸ்பத்திரிச் செலவு, படிப்பு, உடைந்த மேற்கூரை. கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22 சொல்வது எச்சரிக்கை, தடை அல்ல. ஆனால் 'விசுவாசத்தில்' கடன் வாங்காதீர்கள். எந்த வருமானத்தில் அடைப்போம் என்று சொல்லத் தெரியாத கடனுக்குத்தான் அந்தப் பெயர் வைக்கிறோம். குழுக் கடன் எடுக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிற ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. ஒரு குழுக் கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேருகிறவர்கள் அங்கேயே நிறுத்திவிட்டு வந்து பேசுங்கள்.

சேமித்து வைப்பது அவிசுவாசமா? மன்னாவை அடுத்த நாளைக்கு வைத்தால் புழுத்துப் போயிற்றே?

ஓய்வுநாளுக்காக வைத்தது புழுக்கவில்லை, அதையும் சேர்த்து வாசியுங்கள். யோசேப்பு 7 வருஷம் தானியம் சேர்த்தார். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த அற்புதத்துக்குப் பிறகும் மீந்த துணிக்கைகளை ஒன்றும் வீணாகாமல் சேர்க்கச் சொன்னார் இயேசு, 12 கூடை வந்தது. தபால் ஆபீஸ் ஆர்டி போடுங்கள். பதிவில்லாத சீட்டில் போடாதீர்கள், நடத்துகிறவர் சபை மூப்பராகவே இருந்தாலும்.

பிறரிடம் கை நீட்ட வெட்கமாக இருக்கிறது. தேவன் நேரடியாகத் தர மாட்டாரா?

எலியாவுக்குக் காகம் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தது உண்மைதான். கேரீத் ஆறு வற்றியதும் காகமும் முடிந்தது, ஒரு விதவை வீட்டுக்குப் போ என்றார் தேவன். அந்த விதவை இருந்த சாறிபாத் இஸ்ரவேல் தேசத்தில் இல்லை, எல்லைக்கு அந்தப் பக்கம், சீதோன் நாட்டில். இதைத்தான் இயேசு லூக்கா 4-ல் நாசரேத்தில் சொன்னார், கேட்டவர்கள் அவரை மலையிலிருந்து தள்ளப் பார்த்தார்கள். நம் ஆள் இல்லாதவன் கையால் நமக்குச் சோறு வந்தது என்பது அவ்வளவு கசந்தது.

எல்லையில் வாழ்கிற நமக்கு இது புரியாமல் போகக் கூடாது. 1956 நவம்பர் 1-ல் கோடு போட்டு விளவங்கோட்டைத் தமிழ்நாட்டிலும் நெய்யாற்றின்கரையைக் கேரளத்திலும் வைத்தார்கள். நெய்யாறு இடதுகரைச் சானலில் 2004-க்குப் பிறகு நமக்குத் தண்ணீர் வரவில்லை, அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் புற்றுநோய் என்றால் நாம் ஓடுவது திருவனந்தபுரத்துப் புற்றுநோய் மருத்துவமனையான ஆர்சிசிக்குத்தான். அங்கே வராந்தாவில் பாய் பங்கிட்டுக் கொடுப்பது பெயர் தெரியாத ஒரு சேச்சி. பக்கத்து வீட்டு இந்து மாமி அனுப்பும் கஞ்சியும், முஸ்லிம் கடைக்காரர் 'பிறகு தா மக்களே' என்று எழுதி வைக்கும் பற்றும் தேவனுடைய காகங்களில் சேராதா? என்ன, காகத்திடம் நன்றி சொல்லவும் திருப்பிக் கொடுக்கவும் எலியாவுக்கு வாய்ப்பில்லை. நமக்கு உண்டு. பற்றை அடைத்துவிடுங்கள்.

ஒக்கி புயலில் போனவர்களும் ஜெபித்தவர்கள்தானே?

ஆமாம். 2017 நவம்பர் 30-ல் புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பி வரவில்லை. கரையில் பெண்கள் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்நாட்டில் எங்களுக்குப் போனது ரப்பரும் வாழையும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேச எனக்குத் துணிவில்லை.

அத்திமரம் துளிர்க்காவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்ற ஆபகூக்கின் வரிகளை நஷ்டம் வந்த வீட்டில் உடனே வாசித்துவிடுவார்கள். அது மூன்றாம் அதிகாரம். முதல் அதிகாரத்தில் அதே மனிதர், நான் கூப்பிடுகிறேன், நீர் கேட்கவில்லையே என்று தேவனிடம் சண்டை போடுகிறார். ஒருவர் முதல் அதிகாரத்தில் இருக்கும்போது அவரை மூன்றுக்கு இழுக்காதீர்கள். இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

விழுந்த தொழிலையே மறுபடி தொடங்கலாமா, விட்டுவிடலாமா?

எப்படித் தெரிந்துகொள்வது என்றால், மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்எம்சிஏ கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்திலிருந்து தேன்பெட்டி நம் வீட்டுத் தொழில். தை மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து கொழுந்து விடும்போது இலைக்காம்பில் ஊறும் இனிப்புதான் பெரிய வரவு. அந்தச் சமயம் பார்த்து மழை பெய்தால் வருஷம் போயிற்று. 1991-92-ல் வந்தது மழை அல்ல, வைரஸ். புழுக்கள் பை மாதிரி வீங்கிச் செத்தன, தென்னாட்டில் நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. பெட்டிகளை அடுப்பில் போட்டவர்கள் உண்டு. பிழைத்த ஒன்றிரண்டு கூட்டத்தைப் பொறுமையாகப் பிரித்துப் பிரித்துப் பெருக்கியவர்களும் உண்டு. இன்றைக்கு இங்கே தேன் இருப்பது இரண்டாவது கூட்டத்தாரால்.

அதற்காகப் பெட்டியை எரித்தவர்களை விசுவாசம் இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? பிழைத்த கூட்டம் ஒன்றுகூட இல்லாதவர் எதைப் பிரிப்பார்? அவர் டிரைவர் வேலைக்குப் போனது சரியான முடிவு. கையில் ஒரு கூட்டமாவது இருந்தால், கடன் வாங்காமல் அதைப் பிரிக்க முடிந்தால், தொடங்குங்கள். புதுப் பெட்டிக்கே கடன்தான் வழி என்றால் ஒரு வருஷம் கூலி வேலை செய்து பிறகு பாருங்கள்.

1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தபோது, முதலீடு நூலும் திண்டும் ஊசியும்தான். அடிமையாக இருந்த பெண்களில் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்தே தங்களை மீட்டுக்கொண்டார்கள். கூலி வேலை என்று முகம் சுளிக்கிற பிள்ளைகளுக்கு இதை நான் அடிக்கடி சொல்வேன். அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

ஆலயக் கட்டடம் பாதியில் நிற்கிறது. கமிட்டி ஒவ்வொரு வீட்டுக்கும் வரி போட்டிருக்கிறது. கொடுக்க முடியாதவர்கள் என்ன செய்வது?

கொடுக்க வேண்டாம். முடியவில்லை என்று சபைச் செயலரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள், மறைந்து திரிய வேண்டாம், ஆராதனைக்கு வருவதை நிறுத்தவும் வேண்டாம். கமிட்டிக்கு என் விண்ணப்பம்: பெயரையும் தொகையையும் சபையில் வாசிக்காதீர்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு மட்டி வாழைக்குலையை ஆயிரக்கணக்கில் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள். கூரை போட்டு, மழை உள்ளே வராமல் செய்தால் இந்த வருஷத்துக்குப் போதும். கோபுரமும் டைல்ஸும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.